போனைப் பிடுங்குவதற்கு முன்: மாணவர்களுக்கு இணையப் பாதுகாப்பைச் சொல்லித் தருவது எப்படி?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே தொடங்கிய ஒரு வாட்ஸ்அப் குரூப் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் யாரும் அதில் இல்லை. விளையாட்டு விழாவில் எடுத்த போட்டோவிலிருந்து ஒரு மாணவியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கீழே ஒரு பட்டப்பெயரை எழுதி, ஸ்டிக்கராக்கி ஒருவன் போடுகிறான். ஒரு நிமிட வேலை. நாலைந்து பேர் சிரிப்பு எமோஜி போடுகிறார்கள். சிலர் அந்த ஸ்டிக்கரைத் தங்கள் போனில் சேமித்துக்கொள்கிறார்கள். மறுநாள் கணக்கு வீட்டுப்பாடம் என்ன என்று யாரோ கேட்க, பதிலாக அந்த முகம் வந்து விழுகிறது. வாரக் கடைசியில் டியூஷன் குரூப்பிலும் வந்துவிடுகிறது. போட்டவன் போட்டது ஒரே ஒரு முறைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கிறது.

சைபர்புல்லியிங், அதாவது இணையவழித் துன்புறுத்தல், பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத்தான் தொடங்குகிறது. பெரிய ஹேக்கர் யாரும் இதில் இல்லை. பக்கத்து பெஞ்சில் உட்காருகிற பிள்ளைதான்.

பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலை 1970களிலிருந்து ஆராய்ந்தவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ். சும்மா ஒரு சண்டையையும் துன்புறுத்தலையும் பிரித்துப் பார்க்க அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாத அளவுக்கு ஒரு பக்கம் பலம் கூடியிருப்பது. இன்றும் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இணையத்துக்கு வரும்போது இந்த மூன்றில் இரண்டு உருமாறிவிடுகின்றன. திரும்பத் திரும்பச் செய்ய ஒரே ஆள் தேவையில்லை. ஃபார்வர்டு செய்கிற ஒவ்வொருவரும் அந்த வேலையைத் தொடர்கிறார்கள். பலம் என்பதும் உடல் பலம் இல்லை. யாரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, யார் ஃபேக் ஐடியில் ஒளிந்திருக்கிறார், யாருக்கு குரூப்பில் ஆள் அதிகம் என்பதுதான் பலம். பள்ளி மணி அடித்து வீட்டுக்கு வந்தாலும் விடுதலை கிடையாது. போன் வீட்டுக்கும் கூடவே வருகிறது.

“சார், நாங்க சும்மா கலாய்ச்சோம்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். பல நேரம் அவர்களுக்கே எல்லை தெரிவதில்லை. நண்பர்களுக்குள் கேலி கிண்டல் இல்லாத வகுப்பு ஏது? எல்லையைக் காட்ட அவர்களிடமே இரண்டு கேள்விகளைக் கொடுக்கலாம். அவள் திருப்பி உன்னைக் கலாய்க்க முடிகிறதா? “போதும், நிறுத்து” என்று அவள் சொன்னால் நின்றுவிடுகிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் அது விளையாட்டு. ஏதாவது ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அது விளையாட்டு இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட இது புரிந்துவிடும்.

ஏன் யாரிடமும் சொல்வதில்லை?

இணையப் பாதுகாப்பு என்றதும் நாம் உடனே விதிகளை அடுக்கத் தொடங்குகிறோம். பாஸ்வேர்டு இப்படி வை, தெரியாதவரோடு பேசாதே, போட்டோ போடாதே. இவையெல்லாம் தேவைதான். ஆனால் இந்தப் பாடத்தின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏதாவது தவறாக நடந்த அன்றைக்கு அந்தப் பிள்ளை ஒரு பெரியவரிடம் வந்து சொல்லுமா, சொல்லாதா? சொல்லிவிட்டால் பெரும்பாலான சிக்கல்களுக்கு வழி உண்டு. சொல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பாஸ்வேர்டும் உதவாது.

பிள்ளைகள் சொல்லத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் மிரட்டுபவன் மீதான பயம் மட்டும் இல்லை. நம் மீதான பயமும்தான். “சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க.” பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்: “நீ எதுக்கு டிபி வெச்ச? அவன் உன்ன மட்டும் ஏன் சொல்றான்?” அதோடு நிற்காமல் டியூஷனை நிறுத்துவது, தோழிகளோடு பேசக் கூடாது என்பது வரை போகும் வீடுகள் உண்டு. பிள்ளையின் கண்ணில் பார்த்தால் கணக்கு எளிது: கொடுமை செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சொன்ன எனக்குத்தான் தண்டனை. அப்புறம் யார் சொல்வார்கள்?

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2020-ல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தபோது பல வீடுகளில் அப்பாவின் போனோ அம்மாவின் போனோதான் பிள்ளையின் வகுப்பறையாக ஆனது. இன்றும் நிறைய பிள்ளைகளின் வகுப்பு குரூப் அம்மா நம்பரில்தான் இருக்கிறது. கேலிச் செய்தி வந்தால் அம்மா பார்த்துவிடுவாரோ என்று, படிப்பதற்குள் அழித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. செய்தி போய்விடும், கூடவே ஆதாரமும் போய்விடும், மனதில் உள்ளது மட்டும் போகாது.

அதனால் முதல் பாடம் பெரியவர்களுக்குத்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ ஆசிரியர் பத்து நிமிடம் எடுத்து ஒரே ஒரு வாக்குறுதியைக் கேட்கலாம். வீட்டில் பிள்ளையிடம் இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்: “போன்ல உனக்கு என்ன நடந்தாலும் என்கிட்ட வந்து சொல்லு. சொன்னதுக்காகத் திட்ட மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன். என்ன செய்யலாம்னு சேர்ந்து பார்ப்போம்.” சொன்ன பிறகு அதைக் காப்பாற்றவும் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் போன் ஹாலில்தான் இருக்க வேண்டும் என்பது போன்ற வீட்டு விதிகள் இருக்கட்டும், அது வேறு. உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையாகப் போனைப் பிடுங்குவது வேறு.

பெரியவர்கள் சரியாக நடந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினில் ஒரு நிகழ்வு உண்டு. அல்மென்ட்ரலேஹோ என்பது அந்த நாட்டின் மேற்கே உள்ள சிறிய நகரம். 2023 செப்டம்பரில் அங்கே 20-க்கும் மேற்பட்ட சிறுமிகளின் சாதாரணப் புகைப்படங்களை, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றின் மூலம் ஆடையில்லாத படங்களாக மாற்றி வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள். செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். பலர் உடன் படித்தவர்கள். அந்தச் சிறுமிகள் தவறாக எதையும் போடவில்லை, யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. முழு உடையில் எடுத்த சாதாரணப் படங்கள் போதுமானதாக இருந்தன. பாதிக்கப்பட்ட சிறுமி ஒருத்தியின் தாயான மகப்பேறு மருத்துவர், இன்ஸ்டாகிராமில் வெளிப்படையாகப் பேசினார். சிறுமிகள் மீது எந்தத் தவறும் இல்லை, பயப்படாமல் வெளியே வந்து சொல்லுங்கள் என்றார். மற்ற தாய்மார்கள் ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்தார்கள், காவல்துறைக்குப் போனார்கள். 2024 ஜூலையில் 15 சிறார்களுக்கு ஓராண்டு கண்காணிப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. பாலினச் சமத்துவம் பற்றியும் தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றியும் வகுப்புகளுக்குப் போகவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

“போட்டோ போட்டாதானே பிரச்சினை” என்று சொல்பவர்களிடம் இந்த நிகழ்வைத்தான் நான் சொல்வேன். பள்ளி ஆண்டு மலரில் வரும் படமே இன்று போதும். தவறு படம் எடுத்துக்கொண்டவளிடம் இல்லை.

பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

அந்த ஸ்டிக்கர் குரூப்புக்கு மறுபடி வருவோம். நாற்பது பேர் இருக்கிறார்கள் என்றால், போட்டவன் ஒருவன், பாதிக்கப்பட்டவள் ஒருத்தி. மீதி முப்பத்தெட்டு பேர்? நம் விழிப்புணர்வுக் கூட்டங்களில் “கொடுமை செய்யாதே” என்று ஒருவனிடமும், “பயப்படாமல் சொல்” என்று ஒருத்தியிடமும்தான் பேசுகிறோம். மீதிப் பேருக்குப் பாடமே இல்லை.

ஃபின்லாந்தில் பேராசிரியர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் உடன் ஆய்வாளர்களும் இந்த முப்பத்தெட்டு பேரைத்தான் கவனித்தார்கள். வகுப்பில் துன்புறுத்தல் நடக்கும்போது சிலர் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள், சிலர் சிரித்து ஊக்கம் கொடுக்கிறார்கள், சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள், சிலர் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கிறார்கள் என்று அவர்கள் 1996-லேயே காட்டினார்கள். துர்கு பல்கலைக்கழகத்தில் இதன் அடிப்படையில் ‘கிவா’ என்ற பள்ளித் திட்டம் உருவாகி, 2009 முதல் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் போனது. துன்புறுத்துகிறவன் எதற்காகச் செய்கிறான்? பார்க்க ஆள் இருக்கிறது, கைதட்ட ஆள் இருக்கிறது என்பதற்காகத்தான் பெரும்பாலும். அந்தக் கைதட்டு நின்றால் அவனுக்குப் பாதிக் காரணம் போய்விடும். துன்புறுத்துகிறவனை நேராக மாற்றப் பார்ப்பதைவிடச் சுற்றி நிற்பவர்களை மாற்றுவது எளிது என்பதுதான் அந்தத் திட்டத்தின் சாரம்.

நம் வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது? ஒரு பீரியட் போதும். கரும்பலகையில் ஒரு குரூப் உரையாடலை எழுதுங்கள். கற்பனைப் பெயர்கள் போதும். பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த இடத்தில் நீ என்ன டைப் செய்வாய்? பெரும்பாலானோர் “ஒண்ணும் செய்ய மாட்டேன் மிஸ்” என்பார்கள். அது நேர்மையான பதில், அதற்காகக் கோபப்பட வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். “அடுத்து என்னை ஓட்டுவாங்க” என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் குரூப்பில் எதிர்த்துச் சண்டை போடச் சொல்லாதீர்கள். சின்னச் சின்ன வேலைகளாகக் கொடுங்கள். சிரிப்பு எமோஜி போடாமல் இருப்பது ஒன்று. ஃபார்வர்டு செய்யாமல் தன்னோடு நிறுத்துவது ஒன்று. பாதிக்கப்பட்டவளுக்குத் தனியாக “நான் பாத்தேன். அவன் செஞ்சது தப்பு. நாளைக்கு என்கூட சாப்பிட வா” என்று ஒரு வரி அனுப்புவது ஒன்று. இது சின்ன விஷயம் இல்லை. குரூப்பில் உள்ள எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வரி ஒரு பெரிய பொய்யை உடைத்துவிடும்.

குரூப் அட்மினுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு உண்டு. அட்மின் மற்றவர் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் அழித்துவிட முடியும். 2022 முதல் வாட்ஸ்அப்பில் அந்த வசதி இருக்கிறது. அதே 2022-ல் கேரள உயர் நீதிமன்றம், உறுப்பினர் போட்ட ஒன்றுக்காக அட்மினை மட்டும் குற்றவாளியாக்க முடியாது என்று சொன்னது. சட்டப்படி மாட்டிக்கொள்ள மாட்டாய் என்பதற்காக அழிக்காமல் விடலாமா என்று பிள்ளைகளையே விவாதிக்க விடுங்கள். நல்ல வாதங்கள் வரும்.

நடந்துவிட்டால் எதை முதலில் செய்வது?

இங்கே வரிசை முக்கியம். பிள்ளைகள் பதற்றத்தில் முதலில் பிளாக் செய்வார்கள், அல்லது முழு சாட்டையும் அழிப்பார்கள். அது தலைகீழ். முதலில் ஸ்கிரீன்ஷாட். அதில் அனுப்பியவரின் நம்பர் அல்லது ஐடி, தேதி, நேரம், குரூப் பெயர் தெரிய வேண்டும். அடுத்து ரிப்போர்ட். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அந்த நபரிடமிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் ரிப்போர்ட் செய்தது அவருக்குத் தெரியாது. கடைசியாகத்தான் பிளாக். பதிலுக்குத் திட்டி எழுதவே வேண்டாம். நாளைக்கு விசாரணையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்.

ஆனால் ஒரு விலக்கு. ஆசிரியர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவரின் ஆபாசப் படமாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது, “ஆதாரத்துக்காக” என்றுகூட யாருக்கும் அனுப்பக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் அதில் கடுமையானவை. இப்படிப் படத்தைப் பதிவிறக்கிப் பார்த்தது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. வந்த போனை அப்படியே வைத்து, ஐடியையும் நேரத்தையும் தாளில் குறித்துக்கொண்டு, போலீஸில் சொல்வதுதான் வழி. “தலைமை ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் சார்” என்று ஒரு ஆசிரியர் நல்லெண்ணத்தில் செய்வதுகூட அந்தப் பிள்ளையின் படத்தை இன்னொரு போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்தில் இருக்கும் பிள்ளைக்கு உண்மையான உதவி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச இணையச் சேவை. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் யாரிடமாவது இருந்தால் இதைப் பயன்படுத்தலாம். பெயர் கேட்பதில்லை. இது வேலை செய்யும் விதம் எளிமையானது. நீங்கள் படத்தைத் தேர்ந்தெடுத்ததும், உங்கள் போனிலேயே அந்தப் படத்திலிருந்து நீளமான ஒரு குறியீடு உருவாகும். இதை ‘ஹேஷ்’ என்பார்கள். படத்தின் கைரேகை மாதிரி. படம் போனை விட்டு வெளியே போகாது, குறியீடு மட்டும்தான் போகும். குறியீட்டிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அந்தக் குறியீட்டை வைத்துக்கொண்டு, பொருந்துகிற படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். குறைகளும் உண்டு. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்ட வாட்ஸ்அப் சாட்டுக்குள் இது எட்டிப் பார்க்காது. படத்தை வெட்டியோ அதன் மேல் எழுதியோ மாற்றினால் அது புதுப் படம். அதற்குத் தனியாகக் குறியீடு வேண்டும். இருந்தாலும் “இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று உடைந்துபோன பிள்ளையிடம் “இதோ, ஒன்று செய்ய முடியும்” என்று காட்டுவது பெரிய பலம்.

படத்தைக் காட்டி யாராவது பணமோ இன்னொரு படமோ கேட்டு மிரட்டினால் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அடுத்த தடவை தொகை கூடும், அவ்வளவுதான்.

முன்னெச்சரிக்கை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். குரூப்பில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் ‘என் தொடர்புகள்’ என்று மாற்றுங்கள். இன்ஸ்டாகிராம் கணக்குக்கே குறைந்தது 13 வயது ஆக வேண்டும். தொடங்கினால் பிரைவேட்டாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விளையாட்டில் டைமண்ட் இலவசமாகத் தருகிறேன் என்று லிங்க் அனுப்புபவரிடம் ஓடிபி கொடுக்க வேண்டாம்.

ஆனால் பிள்ளைகள் உலகில் பாஸ்வேர்டுக்கு வேறொரு அர்த்தம் இருக்கிறது, அதை விதி சொல்லி மாற்ற முடியாது. உயிர்த் தோழிக்குப் பாஸ்வேர்டு கொடுப்பது நட்பின் அடையாளம். கொடுக்காவிட்டால் “என்மேல நம்பிக்கை இல்லையா?” ஒன்பதாம் வகுப்பில் நட்பு முறியும்போது அந்தப் பாஸ்வேர்டு எதிரியின் கையில் இருக்கும். பழைய தோழியின் கணக்கிலிருந்தே அவள் பெயரில் மற்றவர்களுக்கு அசிங்கமாகச் செய்தி அனுப்பினால், அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி பிரிவு இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. இன்னொருவர் போல நடித்து ஏமாற்றினால் 66டி. சிறாராக இருந்தால் வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். சட்டத்தைச் சொல்வதைவிட, “பாஸ்வேர்டு கேட்காத தோழிதான் நல்ல தோழி” என்று வகுப்பில் அவர்களே சொல்லும்படி பேச வைப்பது அதிகம் வேலை செய்யும்.

செய்த பிள்ளையை என்ன செய்வது?

இங்குதான் பள்ளிகள் அடிக்கடி சறுக்குகின்றன. இருவரையும் அழைத்து நேருக்கு நேர் நிறுத்தி, “கை குடுங்க, சமாதானமா போங்க” என்பது நடக்கும். பலம் சமமில்லாத இருவருக்கு நடுவே அது சமாதானம் இல்லை, பாதிக்கப்பட்டவள் இன்னொரு முறை அவனை எல்லோர் முன்னாலும் எதிர்கொள்வதுதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் “நம்ம பள்ளியில ஒரு மாணவி...” என்று தொடங்குவதும் வேண்டாம். பெயர் சொல்லாவிட்டால் என்ன, எல்லோருக்கும் தெரியும்.

இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். முதலில் அவளிடம்: இப்போது உனக்கு என்ன நடக்க வேண்டும்? ஸ்டிக்கர் போக வேண்டும், அவன் பேசாமல் இருக்க வேண்டும், பெஞ்ச் மாற வேண்டும், அம்மாவுக்கு நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா? முடிவில் அவள் குரல் இருக்கட்டும். பிறகு அவனிடம். ஏன் செய்தாய் என்று கேட்டால் “சும்மா” என்பான். “அவ இப்ப எப்படி இருப்பா? நீ இப்ப என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். கிவா திட்டத்திலும் கேள்வி இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. குரூப்பில் இருப்பவர்களிடம் அவனே ஸ்டிக்கரை அழிக்கச் சொல்லிக் கேட்கட்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பிந்தைய சந்திப்பு இல்லாவிட்டால் முன்னால் செய்தது பாதிதான்.

பதின்மூன்று வயதில் தவறு செய்தவனை ‘ரவுடி’ என்று முத்திரை குத்தினால் அவன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். அதற்காகச் செய்ததைக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. மிரட்டலோ அந்தரங்கப் படமோ இருந்தால் பள்ளிக்குள் பேசி முடிக்கிற வேலையே கூடாது. போக்சோ சட்டப்படி தெரிந்தவுடன் புகார் செய்வது கடமை.

காலையில் அடிக்கடி வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போடுவது, நன்றாகப் பயன்படுத்திய கணக்கைத் திடீரென்று அழிப்பது, போன் ஒலித்தாலே முகம் மாறுவது, சாப்பாடு, தூக்கம் குறைவது. இவற்றைப் பார்த்தால் “என்னாச்சு?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் இருங்கள். “செத்துடலாம் போல இருக்கு” என்று பிள்ளை சொன்னால் அதை அப்படியே நம்புங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 இலவசம், எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

மற்ற எண்களைப் பிள்ளைகள் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இணைய மோசடியில் பணம் போய்விட்டால் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது, பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு கூடும். உடனடி ஆபத்து என்றால் 112. இணையத்தில் புகார் கொடுக்க சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளம் இருக்கிறது. குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.